புத்தகம் பூட்டும் மத்தியானம்

பள்ளிக்கூட விடுதி மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று இப்போதைய பொறுப்பாசிரியை கேட்டதும் என்னால் ஏலாது என்றேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். "எழுத்துப் பிழை கிடந்தால் நான் திருத்திறன் அக்கா, நீங்கள் பயப்பிடாதேங்கோ" என்றார். பயப்படாதே என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பயம் கூடும். ஆனாலும் அவர் சொன்ன காரணத்தைக் கேட்ட பிறகு மறுக்க மனம் வரவில்லை.

போன மாதம் பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து கேட்டாராம்: "சோதினைக்கு முதல் நாள் மத்தியானத்தோட பிள்ளையளின்ர புத்தகத்தை வாங்கிப் பூட்டுறியள். இது என்ன பழக்கம்? மற்ற இடத்துப் பிள்ளையள் பரீட்சை மண்டப வாசல் வரைக்கும் படிக்குதுகள். எங்கட பிள்ளையள் மட்டும் சும்மா குந்தியிருக்கிறதோ?" பின்னாலிருந்த நாலைந்து பேர் "ஓம், அது சரிதான்" என்றிருக்கிறார்கள். பொறுப்பாசிரியைக்குப் பதில் தெரியவில்லை. அவர் வருவதற்கு முன்பே வந்துவிட்ட பழக்கம் அது. "ஆர் தொடங்கினது, என்னத்துக்குத் தொடங்கினது எண்டு எழுதுங்கோ. பிள்ளையள் கூடுதலாப் படிக்கிறதும் பிழையோ எண்டு எல்லாரும் கேக்கினம்" என்றார்.

பிழையா என்று எனக்குத் தெரியாது. நான் கண்டதை எழுதுகிறேன். இதில் ஒரு பிள்ளையின் கதை வரும். என்னைப் போலப் பதறும் தாய்மார் யாரும் வாசித்தால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: அந்தப் பிள்ளை நன்றாக இருக்கிறாள். தைப்பொங்கலுக்கும் என் வீட்டுக்கு வந்து போனாள். ஆறுதலாக வாசியுங்கள்.

எனக்குச் சொந்த இடம் பள்ளிமுனை. அப்பா கடலுக்குப் போகிறவர். சண்டைக் காலத்தில் இடம் மாறி இடம் மாறி இருந்ததில் பள்ளிக்கூடம் கைவிட்டுப் போயிற்று. பெரிய பரீட்சை எதையும் நான் எழுதவில்லை. அதனால்தானோ என்னவோ, பரீட்சை என்ற சொல்லைக் கேட்டாலே, பொழுதுபட்டும் வள்ளம் வராத நாளில் கரையில் நிற்பது போல எனக்கு இருக்கும்.

விடுதிக்கு முதலில் தினக்கூலிக்குத்தான் வந்தேன், பிறகு நிரந்தரமாக்கினார்கள். மணி அடிக்கவும், தண்ணீர்த் தொட்டி பார்க்கவும், காய்ச்சல் பிள்ளைக்குக் கஞ்சி வைக்கவும், கழுதை உள்ளே வராமல் படலையைக் கொளுவவும் பழகியதோடு என் பயிற்சி முடிந்தது. கழுதை என்றதும் வெளியூரார் சிரிப்பார்கள். மன்னாரில் விடுதி நடத்துகிறவர்களுக்கு அது சிரிப்பில்லை. பரீட்சை மாதத்தில் விறாந்தை முழுக்கக் கொப்பிகள் கிடக்கும். கழுதைக்குக் கடதாசி என்றால் உயிர்.

மற்றதெல்லாம் பிலோமினா ரீச்சரிடம் பழகியது. வங்காலையைச் சேர்ந்தவர், அப்போது விடுதிக்குப் பொறுப்பாக இருந்தார். மெலிந்த மனிதர். கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். யாராவது வந்து சண்டை பிடித்தால் உடனே பதில் சொல்லமாட்டார். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைக்கத் தொடங்குவார். துடைத்துக்கொண்டே இருப்பார். எதிரே நிற்பவர் சொல்ல வந்தது, சொல்ல வராதது எல்லாவற்றையும் சொல்லி முடித்து, இனிச் சொல்ல ஒன்றுமில்லை என்று நிற்கும்போது கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "இருங்கோ, தேத்தண்ணி குடிப்பம்" என்பார். பாதிச் சண்டை அதோடு போய்விடும்.

அவர் எந்தப் பிள்ளையிடமும் "படி" என்று சொன்னதை நான் கேட்டதில்லை. பரீட்சை வாரத்தில் காலையில் ஒவ்வொரு கட்டிலாகப் போய் இரண்டு கேள்விதான் கேட்பார். "சாப்பிட்டனியா? வெளிய போனனியா?" பெரிய பிள்ளைகள் வெட்கத்தில் தலையணைக்குள் முகத்தை வைப்பார்கள். ரீச்சர் விடமாட்டார். "வயிறு சரியில்லாட்டி மூளை என்ன செய்யும்? சொல்லு" என்று நிற்பார். யாராவது "இல்லை" என்றால் எனக்கு ஒரு பார்வை. நான் குசினிக்கு ஓடிப் பப்பாப்பழம் வெட்டவேண்டும்.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். பரீட்சை எழுதிவிட்டு வந்து சாப்பாட்டு மேசையில் யாராவது விடை கதைத்தால், அன்றைக்கு எல்லாருடைய சோற்றுக் கோப்பையும் அவள்தான் கழுவவேண்டும். நான் கண்டதில் அதிகம் கழுவியவள் பர்ஹானா. சிலாவத்துறைப் பக்கத்துப் பிள்ளை, வாய் மூடாது. "கோப்பை கழுவினாலும் பரவாயில்லை றீற்றாக்கா, அந்த மூண்டாம் கேள்விக்கு என்ன விடையெண்டு தெரியாட்டி எனக்குச் சோறு இறங்காது" என்று சொல்லிக்கொண்டே கழுவுவாள்.

பர்ஹானாவின் கூட்டாளி வசந்தி. நான் சொல்ல வந்த பிள்ளை அவள்தான்.

வசந்தி பாப்பாமோட்டையிலிருந்து வந்தவள். தகப்பன் நடராசா அண்ணன் நெல்லுக் கமம் செய்கிறவர். அவர்கள் வீட்டில் பல்கலைக்கழகத்துக்கு முந்தின உயர்தர வகுப்பு வரை வந்தது அவள்தான் முதல், அதுவும் விஞ்ஞானப் பிரிவு. டொக்டராக வேண்டும் என்பது வீட்டின் ஆசை. அவளுடைய ஆசையும் அதுதானா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

அவள் படித்த மாதிரி நான் யாரும் படித்துக் கண்டதில்லை. பைப்படிக்குப் போகும்போதும் வாய் முணுமுணுக்கும். தலை சீவும்போதும், சோற்றைப் பிசைந்தபடியும் முணுமுணுப்பாள். பிசைந்த சோறு கோப்பையிலேயே இருக்கும். பக்கம் பக்கமாக, ஒரு சொல் தவறாமல் சொல்லுவாள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. பர்ஹானா மட்டும் கேலி பண்ணுவாள்.

"இவவிட்ட இதயத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கோ அக்கா. முதல் பக்கத்து உயிர்க்கலத்தில இருந்துதான் தொடங்கி வருவா. இதயத்துக்கு வந்து சேரிறதுக்குள்ள நோயாளி மௌத்தாப் போயிடுவான்."

"போடி, விசரி" என்பாள் வசந்தி. சிரிக்கமாட்டாள். விட்ட இடத்தைத் தொலைத்துவிட்டால் மறுபடி முதல் பக்கத்திலிருந்து வரவேண்டும் அல்லவா?

பர்ஹானா சொன்னது கேலி இல்லை என்பது முதல் தடவை பரீட்சையில் தெரிந்தது. எங்கள் பள்ளிக்கூட மண்டபமே பரீட்சை நிலையம். நான் வெளியே பைப்படியில் நின்றேன். தொடங்கிக் கொஞ்ச நேரம்தான். எல்லாத் தலையும் குனிந்திருக்க, வெள்ளைச் சட்டை ஒன்று மட்டும் எழுந்து வாசலுக்கு வந்தது. வசந்தி. நோக்குநர் ஆசிரியை பின்னால் வந்து தோளைத் தொட்டு ஏதோ சொன்னார். அவள் தலையை ஆட்டிவிட்டு இறங்கி வந்துவிட்டாள். நேரே என்னிடம் வந்தாள். அழவில்லை.

"எல்லாம் தெரியுமக்கா. எங்கயிருந்து தொடங்கிறதெண்டுதான் தெரியேல்லை."

அந்தத் தடவை அவள் வேறு எந்தப் பாடத்துக்கும் போகவில்லை. நடராசா அண்ணன் வந்து பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கூட்டிப் போனார். பிள்ளை பின்னால் நடந்து போனாள்.

பிறகு ஒருநாள் ரீச்சர் என்னைத் தன் கந்தோர் அறைக்குள் கூப்பிட்டு, "றீற்றா, இந்த ரெண்டு அலுமாரியையும் காலி பண்ண வேணும்" என்றார். அப்படித்தான் புத்தகம் பூட்டுவது தொடங்கியது. யாரும் எங்கும் படித்துவிட்டு வந்து செய்ததில்லை. வாசலால் இறங்கி வந்த ஒரு பிள்ளையை நினைத்துச் செய்தது.

முறை இதுதான். முதல் பாடத்துக்கு முந்தின நாள், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நான் மணி அடிப்பேன். ஒவ்வொரு பிள்ளையும் தன் தலையணை உறையைக் கழற்றி, அதற்குள் கொப்பி, புத்தகம், பழைய வினாத்தாள் எல்லாவற்றையும் வைத்து, வாயைத் தன் தலை ரிப்பனால் முடிச்சுப் போட்டுக் கட்டவேண்டும். பெயர் எழுதத் தேவையில்லை, தன் முடிச்சு தனக்குத் தெரியும். வரிசையாக வந்து கந்தோரில் தரும்போது ஒருத்தி சிலுவை போடுவாள், ஒருத்தி கண்ணில் ஒற்றுவாள், ஒருத்தி பிஸ்மி சொல்லுவாள். நான் அடுக்குவேன். ரீச்சர் பூட்டுவார். அடுத்த பாடத்துக்கு இடையில் நாள் இருந்தால் உறைகள் திரும்பிப் போகும். அந்தப் பாடத்துக்கு முதல் நாள் மத்தியானம் மறுபடி வரும்.

பூட்டியபின் பேனை பார்ப்பது. அது தனி வேலை. கோயிலில் வைத்து எடுத்த பேனை, பூசையில் ஆசீர்வதித்த பேனை, லெப்பை ஓதிக் கொடுத்த பேனை என்று ஒவ்வொருத்தியிடமும் இருக்கும். கூட்டாளிகள் ஒருவருக்கொருவர் கொடுப்பதால் மூன்று சமயத்துப் பேனையும் ஒரே பெட்டியில் கிடக்கும். நேர்ந்து வைத்த பேனையைப் பரீட்சைத் தாளில்தான் முதன்முதல் எழுதவேண்டும் என்று பிள்ளைகளுக்கு ஒரு நம்பிக்கை. மாதக்கணக்கில் சாமிக்கு முன்னால் இருந்து மை காய்ந்துபோயிருக்கும். ரீச்சர் பழைய பத்திரிகையை விரித்து வைத்து, "கடவுள் ஒண்டும் நினைக்கமாட்டார், கிறுக்கிப் பாருங்கோ" என்று எல்லாவற்றையும் எழுதிப் பார்க்க வைப்பார். அதன்பின் தலை முழுகலாம், நகம் வெட்டலாம், பாட்டுப் பாடலாம், சண்டை பிடிக்கலாம். படிக்கக் கூடாது.

இதெல்லாம் முதன்முதல் நடந்த வருடம்தான் வசந்தி இரண்டாம் தடவை எழுத வந்தாள். பர்ஹானாவும் இன்னொருமுறை எழுத வந்திருந்தாள். வசந்தி முன்னையிலும் பார்க்க மெலிந்திருந்தாள். முணுமுணுப்புக்குச் சத்தம்கூட இல்லை, உதடு மட்டும் அசையும். பிள்ளை பைத்தியமாகிவிடுமோ, வாசலால் மறுபடி இறங்கி வந்துவிடுமோ என்று எனக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. இந்தமுறையும் பாதியில் எழும்பினால், நடராசா அண்ணன் இனி அனுப்பமாட்டார். அதை அவரே என்னிடம் சொல்லியிருந்தார்.

மணி அடித்தேன். எல்லாரையும் போல வசந்தியும் உறையைக் கட்டிக்கொண்டு வந்து தந்தாள். அலுமாரி பூட்டிய சத்தம் கேட்டதுதான், பிள்ளைக்கு உடம்பு உதறத் தொடங்கியது. விறாந்தைத் தூணோடு குந்திவிட்டாள். பர்ஹானா ஓடிவந்து கையைத் தேய்த்தாள். நான் தண்ணீர் எடுக்கப் போய், வாளியோடு வந்து, செம்பை மறந்து, மறுபடி ஓடினேன்.

அந்த நேரம் பார்த்து நடராசா அண்ணன் படலையைத் திறந்துகொண்டு வருகிறார். கையில் பயற்றம் பணியாரப் பொதி. பாலம் தாண்டிச் சைக்கிளில் வந்த வியர்வை. பிள்ளையைக் கண்டார். பக்கத்தில் புத்தகம் இல்லாததையும் கண்டார்.

"என்ன ரீச்சர் இது? விடிஞ்சாச் சோதினை. பிள்ளையின்ர புத்தகம் எங்க?"

"அலுமாரிக்குள்ள."

"ஆரைக் கேட்டுப் பூட்டினியள்? ஒரு வருசம் கண் முழிச்சுப் படிச்ச பிள்ளை. கடைசி நேரத்தில பறிச்சா அது நடுங்காம என்ன செய்யும்? திறவுங்கோ. இல்லாட்டி நான் இப்பவே கூட்டிக்கொண்டு போறன். பெரியகடைப் பக்கம் என்ர தங்கச்சி வீடு இருக்கு. இருந்து படிக்கட்டும்."

ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நடராசா அண்ணன் சொல்லிக்கொண்டே போனார். அவர் கஷ்டம், வட்டக்கச்சியில் கட்டிக்கொடுத்த மூத்த பெண்ணின் கஷ்டம், மழை இல்லாத கஷ்டம். எனக்கு உள்ளுக்குள் அவர் பக்கம்தான் நியாயம் போலிருந்தது. பிள்ளை நடுங்குகிறதே!

கடைசியில் ரீச்சர் கண்ணாடியை மாட்டினார். "அண்ணை, நீங்கள் கமம் செய்யிறவர். நெல்லு வெட்டுக்கு முதல் நாள் வயலுக்குத் தண்ணி விடுவியளோ?"

"வடிய விடுவன். அது எனக்குத் தெரியும் ரீச்சர்." நடராசா அண்ணன் மகளைக் கையால் காட்டினார். "ஆனா அது வயல். இது பிள்ளை."

இந்தமுறை ரீச்சர் தேத்தண்ணி என்று சொல்லவில்லை. அப்படியே சேலையை ஒதுக்கிக்கொண்டு சிமெந்துத் தரையில், வசந்திக்குப் பக்கத்தில் குந்தினார்.

"உனக்கு என்ன வேணும் பிள்ளை? அப்பாவை விடு. என்னையும் விடு."

வசந்தி கந்தோர்ப் பக்கம் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "எனக்குப் படிக்க வேண்டாம் ரீச்சர். இனிமேல் ஒரு சொல்லும் உள்ளுக்குப் போகாது. புத்தகம் எனக்குக் கிட்ட இருந்தாப் போதும்."

நடராசா அண்ணன் கையிலிருந்த பணியாரப் பொதியைத் தரையில் வைத்தார். படிக்க வேண்டாம் என்ற சொல்லை மகளின் வாயிலிருந்து அவர் முதன்முதல் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

ரீச்சர் எழுந்து போனார். பூட்டி அரை மணித்தியாலம்கூட ஆகாத, தானே போட்ட பூட்டைத் தானே திறந்தார். வசந்தியின் உறையை எடுத்து, முடிச்சைத் தொடாமல், கொண்டு வந்து மடியில் வைத்தார். "உன்ர முடிச்சு. அவிழ்க்கிறதும் விடுறதும் உன்ர பாடு. நான் வந்து பாக்கமாட்டன். றீற்றாவும் பாக்கமாட்டா."

என்னைத் தெரிந்துதான் அதைச் சொன்னார். இல்லாவிட்டால் நான் போய்ப் பார்த்திருப்பேன்.

பிள்ளை அந்த மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் கொஞ்சமாக உதறல் நின்றது. பர்ஹானா பணியாரப் பொதியை அவிழ்த்து முதலில் தான் ஒன்றைத் தின்றுவிட்டு, "நல்லாயிருக்கு மாமா, இவவுக்குக் குடுக்காம நானே திண்டு முடிக்கிறன்" என்றாள். வசந்தி கையை நீட்டினாள். நடராசா அண்ணன் யாரிடமும் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். பிள்ளையைக் கூட்டிப் போகவில்லை. அந்தப் பின்னேரம் வசந்தி அந்த மூட்டையில் தலையை வைத்து விறாந்தையிலேயே நித்திரையாகிவிட்டாள். கழுதை வந்துவிடுமே என்று நான் படலையடியிலேயே நின்றேன்.

முடிச்சு அவிழ்ந்ததா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கூட்டத்தில் கேட்ட தாய்க்கு இதையே சொல்ல விரும்புகிறேன். அன்றிலிருந்து எங்கள் விடுதியில் பூட்டுவதும் உண்டு, கேட்கிற பிள்ளைக்கு முடிச்சோடு திருப்பிக் கொடுப்பதும் உண்டு. எத்தனையோ பிள்ளைகள் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். அனேகம் பேர் கேட்பதில்லை. பிள்ளைகள் கூடுதலாகப் படிக்கலாமா என்பதற்கு என்னிடம் ஓம், இல்லை என்று ஒரு பதில் இல்லை. பிசைந்த சோறு கோப்பையிலேயே கிடந்தால் பிள்ளையிடம் என்ன வேண்டும் என்று கேளுங்கள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதுவும் ரீச்சர் தரையில் குந்திக் கேட்டதால் தெரிந்தது. அவருக்கு நான் கடமைப்பட்டவள். சம்பளத்தோடு இப்படி ஒரு வாழ்க்கையும் கிடைக்கும் என்று எட்டாம் வகுப்போடு நின்ற நாளில் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

வசந்தி விறாந்தையில் நித்திரையான அடுத்த நாள் காலை பிள்ளைகளை மண்டபத்துக்குக் கூட்டிப் போனது நான். படிக்கட்டடியில் வசந்தி நின்றுவிட்டாள். மற்றவர்கள் ஏறிப் போனார்கள். பர்ஹானா திரும்பித் திரும்பிப் பார்த்தாள், பிறகு அவளும் உள்ளே போகவேண்டியிருந்தது.

"அக்கா, ஒண்டும் ஞாபகம் வருகுதில்லை."

நல்ல வார்த்தை ஏதாவது சொல்லவேண்டிய நேரம். ரீச்சர் என்றால் சொல்லியிருப்பார். நான் கையிலிருந்த செம்பை அவசரமாக நீட்டியதில் தண்ணீர் சிந்தி அவளுடைய வெள்ளைச் சப்பாத்து நனைந்தது. துடைக்கக் குனிந்தால் இன்னும் சிந்தியது. கண்ணீரும் வந்துவிட்டது.

வசந்தி செம்பை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். அவள் சிரித்ததை நான் கண்டு ஒரு வருடத்துக்கு மேலிருக்கும்.

"என்னக்கா நீங்கள்? சோதினை எனக்கல்லோ. மூச்சை விடுங்கோ. அந்தத் தூணடியில இருங்கோ, விழுந்திடுவியள்."

என்னைப் பிடித்துத் தூணடியில் இருத்திவிட்டு, நனைந்த சப்பாத்தோடு படி ஏறிப் போனாள்.

பிள்ளைகள் உள்ளே போனதும் திரும்பி வந்துவிட வேண்டும் என்பது ரீச்சரின் கட்டளை. நான் போகவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை வெள்ளைச் சட்டை ஒன்று எழுந்து வந்தது. நானும் எழும்பி நின்றுவிட்டேன். வேறு பிள்ளை, நோக்குநரோடு மலசலகூடத்துக்குப் போய்விட்டுத் திரும்பி உள்ளே போனது. அதன்பின் வெய்யில் ஏறி என் கால்மாட்டுக்கு வந்தது. வாசலில் யாரும் வரவில்லை.

மணி அடித்துப் பிள்ளைகள் கலகலவென்று இறங்கினார்கள். பர்ஹானா முன்னால் வந்து, "நாலாங் கேள்வி" என்று தொடங்கியவள் என் முகத்தைக் கண்டு வாயைப் பொத்திக்கொண்டாள். வசந்தி கடைசியாக வந்தாள். விரலெல்லாம் மை.

"எல்லாம் எழுதினனியா மகள்?"

"இல்லையக்கா. ஒரு கேள்வி விட்டிட்டன். இன்னொண்டு அரைவாசிதான்." கடைசிப் படியில் நின்று பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். "ஆனா நான் எழும்பேல்லை."